கேள்வி கேட்கும் டெபியன், வீட்டைக் காட்டும் மின்ட்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலி வேண்டும். என் பெரியப்பாவிடம் இருப்பது ஆறாம் தலைமுறை. "நல்லாத்தானப்பா ஓடுது, இதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதே மாதத்தில் அக்கா மகளும் வந்து நின்றாள். கல்லூரி மடிக்கணினியில் விண்டோஸ் 11 அப்படியே இருக்க, பக்கத்தில் லினக்ஸும் வேண்டுமாம். "சீனியர்ஸ் டெபியன்தான் போடச் சொன்னாங்க மாமா." பெரியப்பாவுக்கு லினக்ஸ் மின்ட் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். லினக்ஸைத் தொட்டே பார்த்திராத இரண்டு பேர், இரண்டு இயங்குதளங்கள், பத்து நாள் இடைவெளி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வாகான சந்தர்ப்பம் அமையாது. இருவரிடமும் ஒரே நிபந்தனை வைத்தேன்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், விசைப்பலகையைத் தொடமாட்டேன்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் தீரும். டெபியனை 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கினார். தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து அவர் சூட்டிய பெயர் அது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் மேல் 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் கட்டியது மின்ட். ஆக டெபியன் தாத்தா, மின்ட் பேரன். அப்பாவை விட்டுவிட்டுப் பேரன் நேராகத் தாத்தா வீட்டிலேயே குடியேறிய எல்எம்டிஇ என்ற பதிப்பும் உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குத் தாத்தா அந்நியரும் அல்ல. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. கணினியைப் போட்டதும் வரும் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கும் விண்டோஸை அழுத்திக் கடந்துபோனவர்கள் இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள்.

ஒரே ரத்தம் என்பதால் உள்ளுறுப்புகளும் ஒன்றுதான். இரண்டிலும் மென்பொருள் 'டெப்' பொதியாகவே வருகிறது, இரண்டிலும் 'ஆப்ட்' என்ற கருவிதான் அதை இறக்கி வைக்கிறது. எனவே எது வேகம், எது பாதுகாப்பு என்று இந்த இரண்டுக்கும் நடுவே பட்டிமன்றம் வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. புதிதாக வருகிறவரை வாசலில் நிறுத்தி எப்படி நடத்துகின்றன என்பதில்தான் தாத்தாவும் பேரனும் பிரிகிறார்கள்.

இறக்கும் கோப்பிலேயே அது தெரிந்துவிடுகிறது. மின்ட்டின் ஐஎஸ்ஓ மூன்று ஜிபியைத் தொடுகிறது. டெபியனின் முகப்பில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு ஜிபிக்கும் குறைவான 'நெட்இன்ஸ்ட்' கோப்புதான் வரும். மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். சின்னக் கோப்புதானே என்று அக்கா மகளுக்கு மகிழ்ச்சி. அதை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து ஒட்டிவிட்டு, "பூட் ஆகவே மாட்டேங்குது மாமா" என்றாள். ஐஎஸ்ஓவை ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால்தான் எழுத வேண்டும். முதல்முறை போடுகிறவர்களில் இந்தத் தவறைச் செய்யாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று எஸ்ஹெச்ஏ256 எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்படி இரு தரப்புமே சொல்கின்றன. அதை வீண் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குச் சுட்டியை மாற்றிவிட்டார்கள். அன்று 17.3 சின்னமன் பதிப்பை அங்கிருந்து இறக்கிச் சரிபார்க்காமல் போட்டவர்கள் திருடனுக்குச் சாவி கொடுத்து வீடு கட்டியதாக ஆயிற்று.

பெரியப்பா வீட்டில் பென் டிரைவைச் செருகி, எஃப்12-ஐ அழுத்தி, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு நிமிடத்தில் மின்ட்டின் மேசை விரிந்தது. வட்டில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். பெரியப்பா பழக்கதோஷத்தில் இடது மூலையை அழுத்தினார், மெனு திறந்தது. அவ்வளவுதான், பயம் தெளிந்துவிட்டது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் பென் டிரைவிலிருந்தே பார்த்தோம். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பாரே, அதே வேலை. "ரெண்டு நாள் இப்படியே பாருங்க, பிடிச்சா உள்ளே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் தொலைபேசி. "நேத்து ராத்திரி உக்காந்து கோயில் நோட்டீஸ் அடிச்சு வச்சேன்ப்பா. இப்பக் காணோம்." தப்பு என்மேல்தான். லைவ் முறையில் செய்வதெல்லாம் நினைவகத்தில் மட்டும் நிற்கும், அணைத்தால் போய்விடும் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மின்ட்டின் பெரிய பலம் என்று நான் நினைத்த இடத்திலேயே இப்படியொரு குழி. காட்டிய வீடு சொந்த வீடு மாதிரியே இருந்துவிட்டதுதான் வினை. மேசையில் இருக்கும் 'மின்ட்டை நிறுவு' படத்தை அழுத்தும்வரை அங்கே எதுவும் தங்காது.

அதை அழுத்தியபின் கேள்விகள் ஐந்தாறுதான். மொழி, விசைப்பலகை, பாட்டும் படமும் ஓடத் தேவையான கோடெக்குகள் வேண்டுமா, வட்டை என்ன செய்வது, எந்த ஊர், உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் என்ன. பெரியப்பாவுக்கு விண்டோஸ் வேண்டாம் என்பதால் வட்டு முழுவதையும் அழிக்கச் சொன்னோம். பழைய வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி முன்பே மாட்டியிருந்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. (பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில்: எஸ்எஸ்டி போடுங்கள்.)

டெபியன் அப்படி வீட்டைத் திறந்து காட்டவில்லை. லைவ் வடிவம் டெபியனிலும் உண்டு, ஆனால் முகப்புப் பொத்தானில் வருவது அதுவல்ல. அக்கா மகள் பார்த்தது ஒரு படிவம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் நம்மைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டு போவாரே, அந்தத் தோரணை. மொழி, நாடு, விசைப்பலகை, கணினியின் பெயர். அதற்கடுத்து டொமைன் பெயர் என்ன என்றது. அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக் கணினிக்கு அது தேவையே இல்லை, காலியாக விட்டுவிடலாம். ஆனால் காலியாக விடலாம் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? கேட்கிறார்கள் என்றால் பதில் இருந்தாக வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அடுத்து வந்தது நான் காத்திருந்த இடம். 'ரூட்' எனும் நிர்வாகிக்குக் கடவுச்சொல் கேட்டது. அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டால், அடுத்ததாக உருவாக்கும் பயனருக்கே 'சூடோ' உரிமை கிடைத்துவிடும். கடவுச்சொல் கொடுத்துவிட்டால் ரூட் ஒரு ஆள், நீங்கள் இன்னொரு ஆள். சூடோ உங்களை அடையாளம் கண்டுகொள்ளாது. இது திரையிலேயே எழுதியிருக்கிறது. அவள் படிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கெட்டியான கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஏதோ மென்பொருள் போடப் பார்த்தபோது, நீ சூடோ பட்டியலில் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. நான் முதன்முதலில் டெபியன் போட்ட காலத்தில் அந்தச் செய்தியோடு, இச்சம்பவம் புகார் செய்யப்படும் என்றும் ஒரு வரி வரும். யாரிடம் புகார் போகும் என்று தெரியாமல் நான் முழித்தது நினைவுக்கு வந்தது. ரூட்டாக நுழைந்து அவளைச் சூடோ குழுவில் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மின்ட்டில் பெரியப்பாவுக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. முதல் பயனருக்கே சூடோ என்று மின்ட் முடிவு செய்துவிட்டு, பேசாமல் இருந்துவிடுகிறது.

வட்டுப் பிரிப்பில்தான் புதியவர்கள் உண்மையிலேயே அடிபடுகிறார்கள். விண்டோஸ் இருக்கும் கணினியில் மின்ட்டின் நிறுவி 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்றே ஒரு வழி காட்டும். நடுக்கோட்டை இழுத்து யாருக்கு எவ்வளவு இடம் என்று பாகம் பிரித்துவிடலாம். டெபியனில் அந்த இழுப்புக்கோடு கிடையாது. விண்டோஸுக்குள்ளேயே பார்ட்டிஷனைச் சுருக்கிக் காலி இடம் உண்டாக்கிவிட்டு வந்தால், அந்தக் காலி இடத்தைப் பயன்படுத்து என்று ஒரு வழி அங்கே இருக்கும். அக்கா மகளை அப்படித்தான் செய்யச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லது என்றும் படுகிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டே வருகிறது. பூட்டிய பார்ட்டிஷனை மின்ட்டின் கோட்டாலும் சுருக்க முடியாது. செக்யூர் பூட் அமைப்பில் கை வைத்தாலோ, 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்று விண்டோஸ் கேட்கும். நிறுவத் தொடங்கும் முன்பே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அந்த மடிக்கணினிக்குள் அல்ல. வட்டில் எழுதட்டுமா என்று கடைசியாகக் கேட்கும்போது டெபியனில் 'வேண்டாம்' என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். எழுத்தர் கடுகடுப்பானவர்தான், ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார்.

மென்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேருகிறீர்களா என்றும் டெபியன் கேட்டது. அதற்கும் இயல்பான பதில் 'இல்லை'. கேட்காமலே தகவல் அள்ளும் காலத்தில் இதைக் கேட்டு, மறுப்பையே முதலில் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் எந்த மேசைச் சூழல் என்ற பட்டியல்: க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, சின்னமன் என்று நீண்டது. க்னோம் ஏற்கெனவே தேர்வாகி இருந்தது. "எல்லாம் ஃப்ரீதானே மாமா" என்று மூன்றுக்கு டிக் அடித்தாள். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது இரவுச் சாப்பாடு தாண்டிப் போயிற்று. முடிந்தபின் பார்த்தால் மெனுவில் மூன்று கோப்பு மேலாளர்கள், மூன்று டெர்மினல்கள். பந்தியில் எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு இலையைப் பார்த்து விழிப்பதுபோல விழித்தாள்.

டெபியனுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வைஃபை சில்லுக்கான ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருள் அல்ல என்று டெபியன் தன் நிறுவிக்குள் அதைச் சேர்க்காது. இணையத்திலிருந்து இறக்கித்தான் நிறுவ வேண்டும், இணையத்துக்குப் போகவோ ஃபர்ம்வேர் வேண்டும். இன்னொரு கணினிக்கு ஓடி, இன்னொரு பென் டிரைவில் எடுத்துவர வேண்டும். புதியவர்கள் டெபியனை விட்டு ஓடியதற்குப் பெருங்காரணம் இதுதான் என்பேன். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்துக் கொள்கையை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் உள்ளேயே இருக்கிறது. அக்கா மகளுக்கு வைஃபை ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. டெபியன் என்றதும் பயமுறுத்துகிறவர்கள் பலர் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுவி முடித்த மறுநாள் அவளிடமிருந்து இன்னொரு புகார்: விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஐந்தரை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் கொள்ளும், உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்ளும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் சொன்னால் சரியாகிவிடும். இது டெபியனின் குற்றமல்ல. விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் மின்ட்டிலும் இதே கதைதான்.

தமிழ் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். இரு நிறுவிகளின் மொழிப் பட்டியலிலும் தமிழ் உண்டு. டெபியனில் வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். எதைத் தேர்ந்தாலும் நிறுவும்போது விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். கடவுச்சொல்லை எந்தப் பலகையில் அடித்தோம் என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பது பெரிய அவதி. பிறகு ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டுக்கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என்று பழகிய முறை எல்லாம் வந்துவிடும்.

பெரியப்பாவின் தமிழ்ச் சிக்கல் வேறு. கோயில் நோட்டீஸ், சங்கக் கணக்கு என்று பதினைந்து வருடக் கோப்புகள் அவரிடம் பாமினி எழுத்துருவில் இருந்தன. லிப்ரே ஆபிஸில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. "எல்லாம் போச்சா?" என்றார், குரலே மாறிவிட்டது. ஒன்றும் போகவில்லை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். அந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து நிறுவியதும் தேர்த் திருவிழா அழைப்பிதழ் அப்படியே எழுந்து வந்தது. நாற்காலியில் சாய்ந்து அதை முழுக்க ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். ஒருங்குறிக்கு மாறிவிடுங்கள் என்று சொல்ல நினைத்து, அன்று வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். பெரியப்பாவின் மின்ட்டில் புதுப்பிப்புக் கேடயம் மூலையில் தெரிய, அவர் வாராவாரம் அதை அழுத்திக் கடவுச்சொல் கொடுத்துக்கொண்டிருந்தார். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் பழைய நிலைகளைச் சேமித்து வைக்க நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். இன்றுவரை தேவைப்படவில்லை. கேள்வி கேட்காத மின்ட்டில் அவர் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. அக்கா மகளோ கேடிஇயையும் எக்ஸ்எஃப்சிஇயையும் தானே கழற்றிவிட்டு, பார்ட்டிஷன் என்றால் என்ன, ரூட் என்றால் என்ன, பொதி எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் எனக்கே விளக்குகிறாள். டெபியன் 13-இன் ஏறத்தாழ 70,000 பொதிகளில் தேடி எடுப்பது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரே குறை, பதிப்பு வெளியாகும்போது இருந்த நிலையிலேயே பெரும்பாலான மென்பொருளை டெபியன் உறைய வைத்துவிடும். புதிய வசதி வேண்டுமென்றால் அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். அவள் வயதுக்கு அது பெரிய குறைதான். பெரியப்பாவிடம் சொன்னால் வரம் என்பார்.

ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை. 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் உண்டு.

என் தீர்ப்பு இதுதான். கணினியை மின்விசிறி மாதிரி, போட்டால் ஓட வேண்டிய பொருளாகப் பார்க்கிறவர்களுக்கு மின்ட். நினைவகம் 4 ஜிபி என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பிரித்துப் பார்க்கும் ஆசையும் இரண்டு மாலைப்பொழுதும் இருக்கிறவர்கள் முதல் தடவையே டெபியன் போடலாம், தப்பில்லை. ஆனால் ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விடுங்கள், மேசைச் சூழல் ஒன்றே ஒன்று போதும். எதைப் போட்டாலும், தொடங்குவதற்கு முன் குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் வெளி வட்டு ஒன்றில் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். எடுத்தாயிற்றா என்று இரண்டு நிறுவிகளில் எதுவும் கேட்பதில்லை.